வர்த்தகர் சங்கச் சந்தா: வன்னிச் சிறுநகரக் கடைக்காரருக்குக் கட்டுபடியாகுமா?

இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி, நெடுங்கேணி அளவிலான ஊர்களில் கடை திறந்த முதல் மாதத்திலேயே ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார். வர்த்தகர் சங்கச் சந்தா. தொகை ஊருக்கு ஊர் வேறுபடும். கேட்பவரும் ஊதியம் வாங்காமல் தன் கடையைப் பூட்டிவிட்டு, அல்லது தம்பியிடம் விட்டுவிட்டு, வந்தவர்தான். இந்தச் சந்தாவுக்கு என்ன சேவை கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை, ஏன் என்பதைக் காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையையும் பார்ப்பதுபோலப் பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் கடைத்தொகுதியில் வாடகைக்கு இருப்பவர், சந்தைக்குள் மேசை போட்டிருப்பவர், உணவகம், வெதுப்பகம் நடத்துபவர் ஆகியோருக்குச் சங்கம் சந்தாவைவிடப் பெறுமதியானது. ஏ9 வீதியில் சொந்தக் காணியில் சொந்தக் கட்டடம் கட்டி, கணக்காளரும் வைத்திருப்பவருக்குப் பாதிதான் பயன். இரு சாராருக்கும் பொதுவாக ஒன்று: சங்கத்தைத் தலைவரை வைத்து எடை போடவேண்டாம், செயலாளரை வைத்துப் போடுங்கள். தலைவர் மேடைக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் போவார். கடிதம் எழுதி, அதன் பிரதியில் பெறுநரின் திகதி முத்திரை வாங்கி, பதில் வராவிட்டால் மூன்றாவது வாரம் நினைவூட்டல் அனுப்புகிறவர் செயலாளர். அந்த வேலை நடக்கும் ஊரில் வடிகானுக்கு மூடி வருகிறது. நடக்காத ஊரில் பொன்னாடைதான் மிச்சம்.

சேருமுன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: யாப்பு (சங்கத்தின் விதிக்கோவை), கடைசி வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்காய்வு செய்த கணக்கறிக்கை. மூன்றையும் ஒரே நாளில் எடுத்துத் தரமுடிந்தால் அது இயங்கும் சங்கம். "பழைய செயலாளரிடம் இருக்கிறது" என்ற பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

யாப்பில் முதலில் பார்க்கவேண்டியது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்கு வந்திருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆட்தொகை. அங்கத்தவரில் பாதிப்பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று எழுதியிருந்தால் அந்தச் சங்கத்தில் சட்டப்படி ஒரு தெரிவும் நடந்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு அல்லது முப்பது பேர், இரண்டில் எது குறைவோ அது. கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டம் பதினான்கு நாளில் கூடும்போது வந்தவர்களோடு நடத்தலாம். இப்படி எழுதிய யாப்புத்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அடுத்தது பதவிக்காலம். ஒரு வருடம் போதாது. பிரதேச சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் டிசெம்பர் முடிவதற்குள் நிறைவேறவேண்டும். அதில் சந்தைக் கூரையோ கழிப்பறையோ இடம்பெற வேண்டுமானால் ஒக்டோபருக்குள் கோரிக்கை எழுத்தில் போயிருக்க வேண்டும். ஜூனில் தெரிவான புதிய நிர்வாகம் கோப்பைத் தேடி எடுக்கவே ஒக்டோபர் வந்துவிடும். இரண்டு வருடக் காலமும், நிர்வாக சபையில் பாதிப்பேர் ஒவ்வொரு வருடமும் மாறுவதும் சரியான அளவு.

மூன்றாவது, நலன் முரண் பற்றிய வாசகம். சபையின் ஒப்பந்தகாரர், சபையோடு வாடகை வழக்கில் இருப்பவர், தேர்தலில் வேட்பாளராக நிற்பவர் ஆகியோர் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் இருக்கக்கூடாது, அல்லது அந்த விடயம் பேசப்படும்போது எழுந்து வெளியே போகவேண்டும் என்று யாப்பில் இருக்கிறதா? சிறிய ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் என்பதால் இதை எழுத வெட்கப்படுகிறார்கள். எழுதிவைத்தால் பிறகு முகம் முறிக்கத் தேவையில்லை.

பதிவும் முக்கியம். அரச நிர்வாக அலுவலகமான பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதிந்தால் வங்கிக் கணக்குத் திறக்கலாம், அரச கூட்டங்களுக்கு அழைப்பு வரும். அதற்கு மேல் காணி, கட்டடம், வெளி நிதி என்று போகிறவர்களுக்கு 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதே பொருத்தம். சொத்து சங்கத்தின் பெயரிலேயே இருக்கும், ஆள் மாறினாலும் கைமாறாது. ஆனால் வருடாந்த அறிக்கை, கணக்காய்வுச் செலவு எல்லாம் வரும். நாற்பது கடை உள்ள ஊருக்கு அது பெரிய சுமை.

சங்கம் உண்மையில் காசுக்குப் பெறுமதியாகும் இடம் ஆவணங்கள். பிரதேச சபையின் வியாபார உரிமம் டிசெம்பர் 31 உடன் காலாவதியாகும். உணவகம், தேநீர்க்கடை, வெதுப்பகம், சிகை அலங்கார நிலையம் போன்றவற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சிபார்சு வேண்டும். அரைக்கும் மில், வாகனத் திருத்தகம் போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள். வியாபாரப் பெயர் பதிவு வேறு, அது பிரதேச செயலகத்தில். இரண்டும் ஒன்றென்று நினைத்து, பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டகம் போட்டு மாட்டிவிட்டு உரிமம் எடுக்காமல் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜனவரியில் ஒரு நாளைக் குறித்து, சபை உத்தியோகத்தரையும் பரிசோதகரையும் சந்தை மண்டபத்துக்கு அழைத்து, படிவங்களை அங்கேயே நிரப்பும் சங்கம் ஒவ்வொரு கடைக்காரருக்கும் இரண்டு மூன்று அலைச்சலை மிச்சப்படுத்துகிறது. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ தனியாளாகக் கடை நடத்துபவருக்கு ஒரு அலைச்சல் என்பது அரை நாள் வியாபாரம்.

தராசு முத்திரையும் அப்படித்தான். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசும் படிகளும் வருடம் ஒருமுறை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்கள உத்தியோகத்தரால் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். ஊருக்கு வரும் நாளை அறிவிக்கிற வேலையைச் சங்கம் செய்கிறது. ஆனால் எலெக்ட்ரோனிக் தராசு சோதனையில் தவறிப்போவதற்கான காரணங்களை முன்கூட்டிச் சொல்லும் சங்கம் குறைவு. தட்டுக்கு அடியில் சீனியும் மாவும் இறுகியிருக்கும். நீர்மட்டக் குமிழி நடுவில் இராது. மின்கலம் தளர்ந்து எண் ஆடும். நெல் மூட்டை போடும் மேடைத் தராசின் ஒரு காலடியில் மண் ஏறியிருக்கும். முதல் நாளே துடைத்து, மட்டம் பார்த்து, முழுதாக மின்னேற்றி, தெரிந்த எடையொன்றை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தால் பாதிப்பேர் திருத்துநரிடம் போகத் தேவையில்லை. இந்த ஐந்து வரியை வட்ஸ்அப் குழுவில் போட்டாலே போதும். அங்கே பிறந்தநாள் வாழ்த்துகளுக்கிடையில் அதற்கும் இடமுண்டு.

நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சோதனையில் அகப்படுவதைத் தடுப்பது சங்கத்தின் வேலையல்ல, சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. 2021 இன் திருத்தத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை தண்டம். கம்பனி என்றால் 5 இலட்சம் முதல் 50 இலட்சம். சிறிய கடைகளில் அதிகம் சறுக்கும் இடம் தண்ணீர்ப் போத்தல். 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபா, 1 லீற்றருக்கு 100 ரூபா என்று உச்ச விலை இருக்கையில், குளிரூட்டியதற்கென்று பத்து ரூபா கூட்டி வாங்கும் பழக்கம் நிற்கவில்லை. மின்சாரச் செலவு உண்மைதான், ஆனால் நீதிமன்றத்தில் அது பதிலாகாது. புதிய வர்த்தமானி விலை வந்த அன்றே ஒரு தாளில் அடித்து எல்லாக் கடைக்கும் கொடுப்பது, விலைப்பட்டியல் பலகை வைக்கச் சொல்வது, காலாவதித் திகதி பார்க்க மாதத்தில் ஒரு நாளை நினைவூட்டுவது ஆகிய மூன்றையும் செய்யும் சங்கத்தின் அங்கத்தவர் வழக்குக்குப் போவது குறைகிறது. பிடிபட்ட பிறகு "கதைத்துப் பார்க்கிறோம்" என்று புறப்படும் சங்கத்தால் ஒன்றும் ஆவதில்லை.

பணியாளர் விடயத்தில் பெரும்பாலான சங்கங்கள் வாய் திறப்பதில்லை, காரணம் தெரிந்ததே. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலைகொள்வோர் 3 வீதம் கட்டவேண்டும். கடையில் ஒரே ஒரு பையன் நின்றாலும் இது பொருந்தும். சில வருடங்களுக்குப் பின் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போனால் நிலுவையோடு மேலதிகக் கட்டணமும் சேர்ந்து வரும். இதைப் புதிய அங்கத்தவருக்கு முதல் நாளே சொல்லாத சங்கம் அவருக்குச் சேவை செய்யவில்லை.

கடைத்தொகுதி வாடகைதான் சங்கங்களின் உண்மையான சோதனை. சபை தன் கடைகளை விலைக்கேள்வி கோரிக் குத்தகைக்கு விடுகிறது. வாடகை விலைமதிப்புத் திணைக்கள மதிப்பீட்டின்படி திருத்தப்படுகிறது. மதிப்பீடு வந்த பிறகு ஊர்வலம் போவதால் பயன் சொற்பம். மதிப்பீட்டுக்கு முன்பே ஒவ்வொரு கடையின் சதுர அடி, கூரை நிலை, தண்ணீர், கழிப்பறை, முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்ற அட்டவணையைத் தயாரித்து எழுத்தில் கொடுக்கவேண்டும். பின்வரிசைக் கடைக்கும் முன்வரிசைக் கடைக்கும் ஒரே வாடகை விழுவது அப்படி யாரும் கொடுக்காததால்தான். மேல்வாடகைதான் சங்கத்தின் பலவீனம். குத்தகைக்காரர் ஒருவர், கடை நடத்துபவர் இன்னொருவர் என்ற நிலையில் குத்தகைக்காரர் நிர்வாக சபையில் இருந்துவிட்டால் சங்கம் யாருக்காகப் பேசும்? அங்கத்துவத்தைக் குத்தகைக்காரருக்கா, கடையில் நிற்பவருக்கா கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னவருக்குக் கொடுக்கும் சங்கமே நல்லது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை சபைகளை அவற்றின் செயலாளர்களான உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத அந்த இரண்டு வருடம், எழுதத் தெரிந்த சங்கத்தையும் கதைக்க மட்டும் தெரிந்த சங்கத்தையும் பிரித்துக் காட்டியது. உறுப்பினரின் மோட்டார் சைக்கிளை மறித்துக் காரியம் பார்த்துப் பழகியவர்கள், கோப்பு இலக்கம் கேட்கும் அலுவலகத்தின் முன்னால் தடுமாறினார்கள். இப்போது உறுப்பினர்கள் திரும்ப வந்துவிட்டார்கள் என்பதற்காகக் கடிதப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

பண்டிகைக்கால வெளியூர் வியாபாரம் ஒவ்வொரு வருடமும் வரும் சண்டை. தைப்பொங்கல், சித்திரை வருடம், தீபாவளி, வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல், புளியம்பொக்கணையில் பங்குனிப் பொங்கல், மடுவில் ஆவணித் திருவிழா: எல்லாவற்றுக்கும் தெற்கிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் லொறியில் புடவையும் பிளாஸ்ரிக் பொருளும் வந்திறங்கும். முழுத் தடை கேட்டுப் போகும் சங்கம் தோற்கிறது. சபைக்கு அது வருமானம், சனத்துக்கு மலிவு. நாட்கணக்கு, இட எல்லை, இடக்கட்டணம், குப்பை அகற்றும் வைப்புப் பணம், ஊர்க் கடை வாசலில் இருந்து இத்தனை அடி என்று நிபந்தனை கேட்டுப் போகும் சங்கம் அதில் பாதியையாவது வாங்கிவருகிறது. அதுவும் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பு. கொட்டகை போட்ட பிறகு போனால் பொலிஸ் வரும், படம் எடுப்பார்கள், வியாபாரமும் நடந்து முடியும்.

ஊர்வேலைகளில், வீதியோர வடிகான் பிரதேச சபையுடையதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா, மாகாண வீதித் திணைக்களத்துடையதா என்று பிரித்தறிவதே பாதி வேலை. ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 ஆகியவற்றின் ஓரத்தில் சபைக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். கார்த்திகை மழைக்கு முன் புரட்டாசியிலேயே எழுதவேண்டும். அதற்கு முன் கடைக்காரர்கள் தங்கள் வாசலில் வடிகானுக்கு மேல் ஊற்றிய கொங்கிறீற் தட்டை எடுக்கச் சம்மதிக்க வேண்டும். சேறு எடுக்க வருபவர் திரும்பிப் போவது பெரும்பாலும் அந்தத் தட்டால்தான். கட்டாக்காலி மாடுகளைப் பற்றி எல்லா நிர்வாகமும் தீர்மானம் எழுதியிருக்கிறது. மாடுகள் வாசிப்பதில்லை. சந்தைக் கழிவு மரக்கறி திறந்து கிடக்கும்வரை அவை வரும்; மூடியுள்ள தொட்டியும் மாலையில் ஒரு தடவை அகற்றலும் தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

தீ பற்றி எந்தச் சங்கமும் அக்கறையாக இருக்கவேண்டிய காரணம் 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் கிடைத்தது. கடைகள் வரிசையாக எரிந்தன. அப்போது அந்த நகரத்துக்குச் சொந்தத் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. தற்காலிகக் கொட்டகைகளில் பொருள் வைத்திருந்த சிறுவியாபாரிகளுக்குக் காப்புறுதி எட்டாத ஒன்று. சங்கத்தால் செய்யக்கூடியவை மிகச் சாதாரணமானவை. ஐந்து கடைக்கு ஒன்றாக 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான் மொத்தமாக வாங்கலாம். மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, தூள் அடியில் இறுகாமல் தலைகீழாக்கிக் குலுக்கி வைக்கலாம். ஒரே இணைப்பிலிருந்து பக்கத்துக் கடைக்கு வயர் இழுப்பதை நிறுத்தலாம். இரவில் குளிர்சாதனப்பெட்டி தவிர்ந்த எல்லாவற்றையும் பிரதான மின் ஆளியில் துண்டித்துவிட்டுப் போகும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். தீயணைப்பானைக் கடையின் உட்கோடியில் மாட்டுகிறார்கள்; வாசலருகே இருக்கவேண்டும், தீ உள்ளே எரியும்போது எடுக்கமுடியாது. காப்புறுதிக்குக் கொள்வனவுச் சிட்டைகளின் பிரதியைக் கடைக்கு வெளியே, வீட்டிலோ கைபேசியிலோ, வைத்திருக்கச் சொல்லவேண்டும். எரிந்த சிட்டையை வைத்து இழப்பீடு கேட்கமுடியாது.

கடையடைப்புப் பற்றிச் சொல்லாமல் வடக்கின் வர்த்தகர் சங்கம் எதையும் மதிப்பிடமுடியாது. ஹர்த்தால் அழைப்பு இரவில் வரும், விடியுமுன் முடிவு வேண்டும். அரசியல் சரிபிழை ஒருபுறம் இருக்க, செலவு எல்லாருக்கும் ஒன்றல்ல. இரும்புக்கடைக்கு அன்றைய வியாபாரம் மறுநாள் வரும். மீன், மரக்கறி, பாண் வியாபாரிக்கு வராது. முத்தையன்கட்டில் இளைஞர் ஒருவர் இறந்ததை அடுத்து 2025 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஹர்த்தால், மடுத் திருவிழாவைக் கருதி 15 இலிருந்து 18 ஆம் திகதிக்கு மாற்றப்பட்டது. பேசினால் திகதியும் நேரமும் மாறும் என்பதற்கு அது சான்று. நல்ல சங்கம் முன்கூட்டியே ஒரு நடைமுறையை நிறைவேற்றி வைத்திருக்கும்: யார் முடிவெடுப்பது, மருந்தகமும் எரிபொருள் நிலையமும் விலக்கு, அழியும் பொருட்களுக்குக் காலையில் எத்தனை மணிவரை அவகாசம், அடைக்காதவரை மிரட்டுவதில்லை. இது எழுத்தில் இல்லாத சங்கத்தில் தலைவரின் கைபேசிக்கு முதலில் அழைப்பவர் முடிவெடுக்கிறார்.

இனி, இதை நடத்த முன்வரும் முதலாளிகளின் பக்கம். வேலை குறைவென்று சொல்லி ஆளைப் பிடிக்கிறார்கள், அதுதான் இடைநடுவில் விட்டுப்போவதற்குக் காரணம். செயலாளருக்குக் கிழமைக்கு நான்கைந்து மணித்தியாலம், பொருளாளருக்கு இரண்டு மூன்று, தலைவருக்குக் கூட்டங்களோடு ஆறேழு என்று கணக்கு வைத்தால் ஏமாற்றமிராது. கடையில் தன்னைத் தவிர இன்னொருவர் நிற்கமுடியாதவர் இந்த மூன்று பதவியையும் ஏற்கக்கூடாது. நிர்வாக சபை உறுப்பினராக ஒரு வேலையை மட்டும் எடுக்கலாம். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் உரக்கடை, வன்பொருள் கடை, நெல் வாங்குபவர் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. விதைப்பிலிருந்து கொடுத்த கடன் திரும்புவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் பொதுக்கூட்டம் வைத்தால் தேநீர்க்கடைக்காரரும் கைபேசிக் கடைக்காரரும் மட்டும் வருவார்கள். வைகாசிக்குப் பிறகு, சிறுபோக அறுவடைக்கு முன் வைப்பது நல்லது. நேரமும் முக்கியம். இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டிய பின் கூட்டம் என்றால் தையல், அழகுக்கலை, சிற்றுண்டித் தயாரிப்பு நடத்தும் பெண்கள் வரமாட்டார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் இவ்வளவு பேர் உள்ள வன்னியில் அவர்களை விட்டுவிட்டு ஊரின் வர்த்தகர் சங்கம் என்று பெயர் வைப்பது பொருந்தாது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் காலை பத்து மணி எல்லாருக்கும் வசதி.

பணக் கணக்கை ஒரு உதாரணத்தால் பார்க்கலாம். 120 கடை, மாதம் 300 ரூபா, தாளில் 36,000. நூற்றுக்கு அறுபது பேர் கட்டினால் 21,600. சேகரிப்பவருக்குப் பத்து வீதம் போக 19,440. அங்கத்தவர் வீட்டு மரணத்துக்கு 25,000 என்று யாப்பில் எழுதியிருந்தால் ஒரு மரணத்திலேயே அந்த மாதம் கடனில் முடியும். மரண உதவியை வேறு கணக்கில், வேறு சந்தாவாக வைக்காத சங்கங்கள் இப்படித்தான் வற்றிப்போகின்றன, பிறகு உதவி கிடைக்காதவர் சந்தாவையும் நிறுத்துகிறார். வங்கிக் கணக்குக்கு மூன்று கையொப்பக்காரர், அவர்களில் எவரேனும் இருவர். மூவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே வியாபாரப் பங்காளிகளாகவோ இருக்கக்கூடாது. கையில் வைத்திருக்கும் சில்லறைக் காசுக்கு உச்ச வரம்பு. பற்றுச்சீட்டு இலக்கம் அச்சிட்டது. விழாவுக்கு வாங்கும் அன்பளிப்பும் அதே புத்தகத்தில்.

நிர்வாகம் மாறும்போது வங்கி, புதிய தெரிவின் கூட்ட அறிக்கைப் பிரதியும் புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் கேட்கும். கூட்ட அறிக்கையில் பழைய தலைவர் கையொப்பமிடாமல் இழுத்தால் கணக்கு மாதக்கணக்கில் முடங்கும். ஆகவே பொதுக்கூட்டம் கலையுமுன், அதே மேசையிலேயே அறிக்கையின் தெரிவுப் பகுதியை எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அன்றே கைமாற வேண்டியவை: காசோலைப் புத்தகம், பயன்படுத்தாத பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், கடிதக் கோப்பு, அங்கத்தவர் பதிவேடு, இறப்பர் முத்திரை, ஒலிபெருக்கியும் கதிரைகளும் இருக்கும் அறையின் சாவி, வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை. கடைசி இரண்டையும் மறந்துவிட்டு, அடுத்த பொங்கல் விழாவுக்குக் கதிரை வாடகைக்கு எடுக்கிறார்கள்.